ஏறாத தேர்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



குறுந்தொகையின் 61 ஆவது பாட்டு தும்பிசேர்கீரனார் என்னும் புலவருடையது. தோழி பேசுவதாக அமைந்த பாட்டு. தச்சன் செய்து கொடுத்த சின்ன வண்டியிலே சிறுபிள்ளைகள் ஏறிப் போக முடியாது. ஆனாலும் அதைக் கையால் இழுத்துக்கொண்டு திரிவதிலேயே அவர்களுக்கு ஓர் இன்பம் உண்டு. தலைவனோடு எங்களுக்குள்ள உறவும் அப்படிப்பட்டதுதான், அதுவே எங்களுக்குப் போதும் என்கிறாள் தோழி. மருதத்திணைக்குரிய ஊடலும் குத்தலும் அதற்குள்ளே எவ்வளவு என்று உரையாசிரியர்கள் விரித்துச் சொல்வார்கள். ஆனால் இந்தப் பாட்டை நான் முதன்முதலாகப் படித்தபோது எனக்குத் தலைவியும் தோன்றவில்லை, தோழியும் தோன்றவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு புலவர் என் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டார் என்றுதான் தோன்றியது.

ஏனென்றால் என்னிடம் 140 க்கு மேற்பட்ட கார்கள் இருக்கின்றன. எல்லாம் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்கள். டொயோட்டா 2000 ஜீ.ரீ., நிசான் பெயார் லேடி ஸெட், ஸ்கைலைன் ஜீ.ரீ.ஆர்., மஸ்டா கொஸ்மோ, ஹொண்டா எஸ். 800 என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். அத்தனையையும் ஒரு சந்தைப் பையில் போட்டுத் தூக்கலாம். ஒவ்வொன்றும் கைவிரல் நீளம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மட்டக்களப்பில் என்னை அறிந்தவர்கள் என்னைச் சைக்கிளோடு சேர்த்துத்தான் அறிவார்கள்.

தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் இலக்கியத் தொடரிலே பேச வந்து விளையாட்டுக் காரைப் பற்றிப் பேசுகிறாரே என்று சில நேயர்கள் நினைக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவம் சிறுதேர். தெய்வத்தையும் மன்னனையும் குழந்தையாக்கிப் பாடிய நம் புலவர்கள், பாட்டை முடிக்கிறபோது அந்தக் குழந்தையின் கையில் கொடுத்தது ஒரு விளையாட்டுத் தேரை. பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்து வீதியில் ஒரு பிள்ளை மூன்று சக்கரத் தேரை உருட்டி வருகிறது. நெல்லுக் கொத்த வந்த கோழியைக் கலைக்க ஒருத்தி எறிந்த பொற்குழை அந்தத் தேருக்கு வழிமறிக்கிறது. சோழ நாட்டுத் தலைநகரின் செல்வத்தைச் சொல்லப் புலவர் பிடித்த அளவுகோல், ஒரு குழந்தையின் விளையாட்டுத் தேருக்கு எது தடையாகக் கிடந்தது என்பதுதான்.

வடமொழியிலே சூத்திரகனின் நாடகம் ஒன்று உண்டு. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதை 'மண்ணியல் சிறுதேர்' என்ற பெயரில் தமிழாக்கினார். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பொன் தேரோடு விளையாடிய சிறுவன், தனக்குக் கிடைத்த மண் தேரைப் பார்த்து அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியை நிரப்புகிறாள். நாடகத்தின் பெரிய முடிச்சுகளில் ஒன்று அங்கேதான் விழுகிறது. ஆகவே பொருள் சிறியதென்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம்.

எங்கள் வீடு கல்லடியிலே. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலம் அது. எழுவான்கரை என்பார்கள். வாவியைத் தாண்டினால் படுவான்கரை, வயலும் காடும். அப்பா வாடகைக் கார் ஓட்டினார், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். அந்நாளில் எங்கள் ஊரில் கார் என்றால் ஒஸ்டின் அல்லது மொரிஸ் மைனர். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் வேறு. விளையாட்டுப் பொருள் என்று கடையில் வாங்கக் கிடைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. பனங்காய் இரண்டைத் தடியில் கோத்து உருட்டுவோம். அதுதான் எங்கள் வண்டில்.

1973 இல், கப்பலில் வேலைசெய்த மாமா ஊருக்கு வந்தார். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரு சின்னப் பெட்டியைத் தந்தார். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரேயொரு விளையாட்டுப் பொருள் கொண்டுவருவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பது கலியாணம் செய்யாத மாமாவுக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள்ளே தோடம்பழ நிறத்தில் ஒரு கார் இருந்தது. கண்ணாடிகள் ஊதா நிறம். முன்பக்கம் ஆப்பு மாதிரிச் சரிந்து, பின்பக்கம் நீண்டு, அப்பாவின் ஒஸ்டினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருந்தது. பின்னாலே உள்ள மூடியைத் தூக்கினால் வெள்ளி நிற இயந்திரம் தெரியும். அடியிலே மஸ்டா ஆர்.எக்ஸ். 500 என்று பொறித்திருந்தது.

அது இங்கிலாந்தின் லெஸ்னி கம்பனி 1971 இல் வெளியிட்ட மட்ச்பொக்ஸ் கார், இலக்கம் 66 என்பதெல்லாம் பிற்பாடு அறிந்தது. அந்தக் கம்பனியின் கதையும் சுவையானது. பங்காளர்களில் ஒருவரான ஜக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில், நெருப்புப் பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு சட்டம். தகப்பன் மகளுக்காகப் பித்தளையிலே ஒரு சின்ன வீதி உருளை செய்துகொடுத்தார். பள்ளிப் பிள்ளைகள் அதைச் சுற்றிவளைத்துக்கொண்டார்கள். 1953 இல் மட்ச்பொக்ஸ் என்ற பெயரே பிறந்துவிட்டது. லெஸ்னி 1982 இல் முறிந்து போனது. பெயர் கைமாறிக் கைமாறி 1997 இல் அமெரிக்க மட்டெல் கம்பனிக்குப் போய்ச் சேர்ந்தது.

உண்மையான ஆர்.எக்ஸ். 500 ஐ யாரும் விலை கொடுத்து வாங்கியதில்லை. 1970 இல் டோக்கியோ மோட்டார் கண்காட்சியிலே வைப்பதற்காக ஒரே ஒரு கார்தான் செய்தார்கள். அது இன்று ஹிரோஷிமாவில் ஒரு போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரேயொரு காருக்கு உலகம் முழுவதும் பிள்ளைகளின் கைகளிலே எத்தனை நிழல்கள்! மஸ்டா கம்பனியே ஹிரோஷிமாக் கம்பனிதான். 1945 ஆகஸ்டில் அணுகுண்டு விழுந்தபோது நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் இருந்த ஒரு குன்று அந்தத் தொழிற்சாலையை ஓரளவு காத்தது. அவ்வருடம் டிசம்பரிலேயே அங்கு மறுபடி வாகனம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். என்ன வாகனம் தெரியுமா? மூன்று சக்கரச் சுமைவண்டி. பட்டினப்பாலைப் பிள்ளையின் தேரை நினைத்துக்கொள்கிறேன்.

அதே டிசம்பரில், ஒட்சு என்ற ஊரில் மட்சுஸோ கொசுகே என்ற விளையாட்டுப் பொருட் தொழிலாளி, அமெரிக்க இராணுவம் வீசிய உணவு டின்களை நிமிர்த்தி, வெட்டி, ஒரு சின்ன ஜீப் செய்தார். கியோட்டோவிலே விற்பனைக்கு வைத்தபோது, தோற்றுப்போன, பசித்த நாட்டின் சனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். தங்களை ஆள வந்த படையின் வாகனத்தை, அந்தப் படை தின்று எறிந்த தகரத்திலே செய்து, தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். இதை வாசித்த நாளில் எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

தோடம்பழக் காரினால் எங்கள் வீட்டில் நடந்த யுத்தங்களுக்குக் கணக்கில்லை. காலையில் எனக்கு, பின்னேரம் தம்பிக்கு என்று அம்மா நேரம் பிரித்துக் கொடுத்தா. அந்த ஒப்பந்தமும் முறிந்தது. ஒருநாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் பின்மூடி கழன்று கையோடு வந்துவிட்டது. தம்பி அழுதான். அம்மா மூடியைப் பறித்து, "ஒட்டித் தாறன், போங்க ரெண்டு பேரும்" என்றா. ஒட்டவில்லை. காலப்போக்கில் நாங்களும் மறந்துபோனோம். மூடியில்லாத கார் வெள்ளி இயந்திரத்தைக் காட்டிக்கொண்டு இன்னும் கம்பீரமாகத்தான் ஓடியது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோனபோதும் அது தப்பியது. விடிந்து பார்த்தால் அடுப்படிச் சாம்பலுக்குள் கிடந்தது.

1986 இல் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. முதற் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்கினேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் வாங்கினேன். கூடவே ஒரு கடையில் கண்ணாடிக்குள் கிடந்த டட்சன் ஒன்றையும் வாங்கினேன். தம்பி பார்த்துவிட்டு, "அண்ணன், இது காலையிலயா பின்னேரமா?" என்று கேட்டான். அவனுக்கு அப்போது 19 வயது.

சேகரிப்பவர்களுக்கென்று ஒரு படிப்பு உண்டு. இந்தக் கார்களின் உடம்பு இரும்பல்ல. துத்தநாகத்தோடு ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியமும் இன்னும் சிலவும் கலந்த உலோகம். அதை உருக்கி உருக்கு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு கார் உறைந்துவிடும். கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும், உள்ளேயிருந்தே நோய் பிடிக்கும். வெடித்து, வீங்கி, ஒருநாள் மாவாக உதிர்ந்துபோகும். உலகப் போருக்கு முந்திய பல விளையாட்டுக் கார்கள் அப்படித்தான் அழிந்தன. எங்கள் ஊரிலோ உப்புக் காற்று வெளியிலிருந்து தின்னும். பூச்சு உரிந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருந்துகொண்டு துத்தநாகத்தைச் சேர்ப்பவனுக்குப் புத்தி மட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜப்பானியக் காரைத்தான் சேர்க்க வேண்டும் என்ற பிடிவாதம் ஏன் வந்தது? முதற் கார் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. 1960 களின் நடுவில்கூட ஜப்பானியக் காரென்றால் மேற்கு நாடுகளில் ஓர் ஏளனம் இருந்தது. யமஹாவோடு சேர்ந்து டொயோட்டா 1967 முதல் 1970 வரை செய்த 2000 ஜீ.ரீ. மொத்தம் 351 தான். அதன் அழகைக் கண்டபிறகு ஏளனம் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஜேம்ஸ் பொண்ட் படத்திலும் அது வந்தது. 1969 இல் வந்த பெயார் லேடி ஸெட்டுக்கு அந்தப் பெயர், நிசான் தலைவர் அமெரிக்காவில் பார்த்த ஒரு சங்கீத நாடகத்திலிருந்து கிடைத்தது. பெயர்தான் மென்மை. 1971 இல் அதே வண்டி 240 ஸெட் என்ற பெயரில் கிழக்காபிரிக்காவின் சேற்றிலும் புழுதியிலும் ஓடி சபாரிப் போட்டியை வென்றது. ஜப்பானியப் பிள்ளைகளோ அதுவரை பெரும்பாலும் அந்நியக் கார்களின் பொம்மைகளை வைத்துத்தான் விளையாடினார்கள். 1970 இல் டொமிகா என்ற பெயரில் ஆறு சின்னக் கார்கள் வெளிவந்தன. ஆறும் அவர்கள் நாட்டு வீதியில் ஓடிய கார்கள். 2000 ஜீ.ரீ.யும் பெயார் லேடியும் அந்த ஆறில் அடக்கம். தன் வீதியில் காண்பதைத் தன் கையிலும் வைத்திருக்க ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டல்லவா?

1990 ஆனி மாதம் யுத்தம் மறுபடி தொடங்கியது. அந்த வருடம் ஆவணியில் ஒரு நாள் காலை தம்பி சைக்கிளில் வெளியே போனான். திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. இதற்கு மேல் எனக்குத் தெரிந்தது எதுவுமில்லை. மட்டக்களப்பிலே இந்த இரண்டு வசனத்தை இப்படியே சொல்லக்கூடிய வீடுகள் ஏராளம் என்பதால் நேயர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அதன்பின் பல வருடம் நான் படுவான்கரையிலே படிப்பித்தேன். மண்முனைத் துறையில் சைக்கிளோடு பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். அக்கரையிலே அந்நாளில் பல பொருட்களுக்குத் தடை. பிள்ளைகள் மீன் டின்னைப் பிளந்து லொறி செய்வார்கள். தேய்ந்த பாட்டாச் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம், சைக்கிள் கம்பி அச்சு. சிலர் அதற்குப் பின்னால் சாக்குத் துண்டால் மறைப்புக் கட்டி, இராணுவ ட்ரக் என்று சொல்லி இழுப்பார்கள். கொசுகேயின் ஜீப்பைப் பற்றிப் படித்த இரவு எனக்கு ஏன் நித்திரை வரவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இனி, நான் வெட்கப்படுகிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். 1996 ஆம் ஆண்டென்று நினைக்கிறேன். ஒரு மாணவனின் தாய் சவூதியில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். யாரோ ஊருக்கு வந்தவர்களிடம் மகனுக்கு ஒரு கார் கொடுத்து அனுப்பியிருந்தா. பெடியன் அதை வகுப்புக்குக் கொண்டுவந்தான். பெட்டி மாதிரி உடம்பு, பின்சக்கரத்துக்கு மேலே அலை போலொரு மடிப்பு. பழைய ஸ்கைலைன் ஜீ.ரீ.ஆர்.! எனக்குக் கை நடுங்கியது. அவனுக்குக் கொப்பி இல்லை என்பது எனக்குத் தெரியும். நாலு கொப்பியும் 50 ரூபாயும் கொடுத்தேன். அவன் சந்தோஷமாகத்தான் வாங்கினான். சேர் கேட்டால் எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்?

தாய் வந்து கேட்டாவாம், "நான் அனுப்பின கார் எங்க மனே?" என்று. அது என் காதுக்கு வந்த அன்று பின்னேரமே காரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். தாய் தேத்தண்ணி தந்தா. நான் காரை நீட்டினேன். பெடியன் அதை வாங்கி, தாய்க்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, திரும்பி வந்து என் கையிலேயே வைத்தான். "என்னட்ட இருந்தா உடைஞ்சிரும் சேர். நீங்க வச்சிருங்க. நான் வந்து பாக்கிறன்" என்றான். அவன் வரவில்லை. பாதை, சோதனைச் சாவடி, காலம். அந்தக் காரை நான் இன்றுவரை என்னுடையதாக எண்ணவில்லை. சேகரிப்பு என்பது பல வேளைகளில் பிறருடைய இல்லாமையின் மேல் கட்டப்படுகிறது. பெரிய பெரிய அருங்காட்சியகங்களே அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை.

2004 டிசம்பர் 25 ஆம் திகதி அம்மாவும் நானும் மனைவி பிள்ளையும் படுவான்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. காலையிலே கடல் வந்தது. நான்கு நாளைக்குப் பிறகுதான் கல்லடிக்குப் போக முடிந்தது. வீட்டுக்குச் சுவர் இரண்டு மிச்சம். அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் இல்லை. அந்த மண்ணிலே குனிந்து விளையாட்டுக் கார் தேடுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் போய்த் தேடினேன். 63 இல் 11 கிடைத்தன. ஸ்கைலைன் கிடைத்தது. தோடம்பழக் கார் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றை நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்துக் கழுவினேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும், "அது இல்லையா?" என்று ஒரு தரம் கேட்டா.

2012 இல் லண்டனிலிருக்கும் மச்சான், அங்கே ஒரு பழம்பொருட் சந்தையில் கண்டதாக, ஒரு மட்ச்பொக்ஸ் ஆர்.எக்ஸ். 500 வாங்கி அனுப்பினார். அதே தோடம்பழ நிறம், அதே ஊதாக் கண்ணாடி. பின்மூடியும் சரியாக இருந்தது. தூக்கினேன், இயந்திரம் பளிச்சென்றது. அம்மாவிடம் கொண்டுபோனேன். அப்போது அம்மாவுக்கு 76 வயது. பாயிலே இருந்தபடி அதைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, மூடி, கொஞ்சத் தூரம் உருட்டிப் பார்த்தா.

"நல்ல வடிவாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்லை."

பிறகு தன் பையை எடுத்தா. அம்மா எங்கே போனாலும் அந்தப் பையும் போகும். 1990 இலிருந்து அப்படி. அதற்குள்ளே தம்பியின் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், ஒரு படம், எழுதிய கடிதங்களின் பிரதிகள், வந்த பதில்கள். கடல் வந்த நாளிலும் அந்தப் பை அம்மாவோடு படுவான்கரையில் இருந்தது. கடுதாசிகளின் அடியில் ஒரு சின்னத் துணிப் பொட்டலம். அவிழ்த்தா. உள்ளே தோடம்பழ நிறத்தில் ஒரு தகட்டுத் துண்டு, என் கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. ஒட்டித் தருகிறேன் என்று பறித்த அதே மூடி.

லண்டன் காரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெயிலும் உப்புக் காற்றும் படாமல் இருந்ததால் மூடியின் நிறம் காரை விடக் கடுமையாக இருந்தது. ஓரத்தில் மட்டும் பூச்சு போயிருந்தது, நாங்கள் இழுத்த இடம்.

"இதை என்னட்டத் தாங்கம்மா, அலுமாரியில பத்திரமா வைக்கிறன்" என்றேன்.

அம்மா அதைத் திரும்பவும் துணியில் சுற்றினா. "உன்ட அலுமாரியத்தான் கடல் கொண்டு போச்சே மனே. இது தம்பிட கடுதாசியளோட கிடக்கட்டும்" என்று சொல்லிப் பையை மூடினா.

அம்மா 2017 இல் காலமானா. மண்முனைத் துறையில் இப்போது பாதை ஓடுவதில்லை. ஜப்பானிய உதவியில் கட்டிய பாலம் 2014 இல் திறக்கப்பட்டது. தம்பியைப் பற்றி விசாரணை என்று யார் கூப்பிட்டாலும், அந்தப் பாலத்துக்கு அக்கரை என்றாலும் இக்கரை என்றாலும், நான்தான் அந்தப் பையோடு சைக்கிளில் போகிறேன். கேட்கிற கடுதாசிகளை எடுத்துக் காட்டுவேன். பொட்டலத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.